காக்கா எடுக்காத சோறு

ஹாலந்தில் நான் தங்கிய பயணிகள் விடுதியில் அவரவர் சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவுகிற வழக்கம் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் நான்கு பேர் கொண்ட ஒரு குழு எல்லோருடைய பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவும். எந்த நாள் எந்தக் குழு என்று விடுதியை நடத்திய அம்மாள் ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருப்பார். வாடகை குறைந்த இடம், அதனால் வேலையில் கொஞ்சம் நம் தலையில் விழும். அதில் எனக்கு வருத்தமில்லை. என் தட்டை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று நான் நின்றதில்தான் முதல் நாளே சண்டை வந்தது.

சண்டைக்கு வந்தவர் அயர்லாந்து நாட்டு டீச்சர். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் தனியாக ஊர் சுற்றுகிறவர். கதவுத் தாளில் அவரும் நானும் ஒரே குழு. நான் என் எவர்சில்வர் தட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனதைப் பார்த்துவிட்டு, எல்லோர் தட்டும் தொட்டியில் கிடக்கிறது, உங்கள் தட்டுக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது என் தட்டு, உங்கள் சோப்பு நுரைத் தொட்டியில் போட முடியாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முறைத்தேன். இந்தியாவைப் பற்றி எங்கேயோ படித்திருப்பார் போலிருக்கிறது. மற்றவர்கள் தொட்டால் தீட்டு என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை.

அது என் தட்டே இல்லை, அப்பாவுடையது. என் முதல் சம்பளத்தில் திண்டிவனத்துப் பாத்திரக்கடையில் வாங்கி, விளிம்பில் அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கப்புறம் அப்பா வீட்டில் வேறு தட்டில் சாப்பிட்டதில்லை. அவர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இதையெல்லாம் குழாயடியில் நின்றுகொண்டு இங்கிலீஷில் சொல்ல எனக்கு வராது. கோபப்படத்தான் வந்தது.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் வேளாண்மை ஆபீசில் வேலை பார்த்தேன். வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வீடு. கேப்பையும் மல்லாட்டையும் விளைகிற பூமி. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர், ஹாலந்துக்குப் போனாலும் எனக்கு அது மல்லாட்டைதான். விதைகளைக் கெடாமல் சேமித்து வைப்பதைப் பற்றி இரண்டு மாதப் பயிற்சிக்கு எங்கள் ஆபீசிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. அந்த ஒருவராக நான் ஆவதற்கு எத்தனை பேர் கையெழுத்து போட வேண்டியிருந்தது என்று எழுதினால் அதுவே ஒரு புத்தகம் ஆகும். பயிற்சி நடந்த இடத்தில் அறைகள் காலியாகவில்லை என்று முதல் மூன்று வாரம் இந்தப் பயணிகள் விடுதியில் போட்டுவிட்டார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புக் கட்டில்கள், ஒரு அறைக்கு ஆறு பேர்.

என் குழுவில் மற்ற இரண்டு பேரும் என் அறைக்காரர்கள். மேல்கட்டிலில் ஒரு ஜப்பான் மாணவன். எதைப் பார்த்தாலும் படம் பிடிப்பான். நான் லுங்கி கட்டுவதைப் படிப்படியாக ஏழு படம் எடுத்தான். எதிர்க்கட்டிலில் பின்லாந்து நாட்டுத் தச்சர். நாற்பது வயது ஆள், சைக்கிளில் நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே மாட்டார். எட்டு நாளில் எட்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆனால் எங்கே ஒரு நாற்காலி ஆடினாலும் அதன் காலடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இவர்களோடு பழகியது மல்லாட்டையால்தான். எங்கள் கொல்லையில், அதாவது ஊருக்கு வெளியே இருக்கிற புன்செய் நிலத்தில், விளைந்ததை அம்மா வறுத்து ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே கோடையில் சாயங்காலம் ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். எனக்குப் பொழுதே போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுத் தோட்டத்து மேசையில் உட்கார்ந்தேன். ஜப்பான்காரன் வந்தான், தச்சர் வந்தார். மூன்றாம் நாள் டீச்சரும் வந்து, கோபம் இருப்பதைக் காட்டிக்கொள்ள நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளினார். மல்லாட்டையை உரித்துக்கொண்டே யாரும் ரொம்ப நேரம் உம்மென்று இருக்க முடியாது. பை பாதியான போது அவர் தன் ஊர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கே டீச்சர் அதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு, இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். வந்தவரைப் பட்டினியாகவா அனுப்புவது? அம்மா கொடுத்த பருப்புப் பொடியும் சோறும் போட்டேன். மறுநாள் மற்ற இருவரும் அவரோடு வந்தார்கள். அதிலிருந்து நான்தான் சமையல், அவர்கள் மூவரும் காய் நறுக்கினார்கள். ஊரில் ஒரு காப்பி போடத் தெரியாதவன் நான். அம்மா பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

இப்படி ஒன்பதாம் நாள் வந்தது. அன்று ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நாள் தவறிவிடும் என்று அம்மா வீட்டுக் காலண்டரிலிருந்து அந்தத் தாளை முன்கூட்டியே கிழித்து என் சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருந்தாள். கறுப்பு வட்டம் போட்ட தாள். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, ஆடி அமாவாசைக்குக் கேட்கவே வேண்டாம். அம்மா தவறாமல் போகிறவள். ஆனால் பகலில் அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்காவுக்குச் சோறு வைத்து, அது எடுத்த பிறகு நாங்கள் சாப்பிட்டு, அதற்கப்புறம்தான் கிளம்புவாள். செத்தவர்கள் காக்காவாக வந்து சோறு எடுப்பார்கள் என்பது நம்பிக்கை. எடுத்தால் மனம் குளிர்ந்திருக்கிறார்கள், எடுக்காவிட்டால் ஏதோ குறை.

என் சோற்றை அப்பா எடுக்கவில்லை. முதல் தெவசம் முடிந்த பிறகு மூத்த மகன் நான் சோறு வைக்கத் தொடங்கினேன். பங்குனி அமாவாசைக்கு அப்பாவின் தட்டிலேயே வைத்தேன், காக்காக்கள் வந்து மாடிச் சுவரில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டன. சித்திரையிலும் அதே கதை. வைகாசியில் எனக்கு விழுப்புரத்தில் மீட்டிங் இருந்தது. என் தம்பி ஒரு துண்டு வாழையிலையில் சோற்றை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நாலு காக்கா வந்து பிடுங்கித் தின்றனவாம். ஆனியில் மறுபடியும் நான் வைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, எல்லோருக்கும் பசி. கடைசியில் அம்மா மாடிக்கு வந்து, தட்டைக் கவிழ்த்துச் சோற்றைச் சுவரில் தட்டிவிட்டு, என்னைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, தட்டோடு பின்னால் இறங்கி வந்தாள். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது சுவரில் சோறு இல்லை. ஆனால் அது கணக்கில் சேராது, வைத்தவன் பார்க்க எடுக்க வேண்டும்.

அன்றைக்கு அம்மா சொன்னாள்.

"தம்பி வச்சா திங்குது. நீ வச்சா திரும்பிக்கினு போவுது. அவருக்கு உன்மேல இன்னாவோ கோவம் இருக்குதுடா."

இன்னாவோ என்றுதான் சொன்னாள். எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்பா நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னது ஒரு மாசி மாதத்துக் காலையில். புதுச்சேரிக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம், கூட வா என்றார். எனக்கு அன்றுதான் விழுப்புரம் ஆபீசில் மேலதிகாரி இருக்கிற நாள். இந்த ஹாலந்துப் பயிற்சிக்கு அவருடைய கையெழுத்து வாங்க வேண்டும், மறுநாள் அவர் கேம்ப் போய்விடுவார். நாளைக்குப் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்ன பதில் எனக்கு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது.

"பரவால்ல, நீ வேலையப் பாரு. நானும் உங்கம்மாவும் போய்க்கினு வர்றோம்."

திண்டிவனத்திலிருந்து அவர்கள் புதுச்சேரி பஸ் ஏறினார்கள். நான் விழுப்புரம் பஸ் ஏறினேன். கையெழுத்து கிடைத்தது. சாயங்காலம் செய்தி கேட்டு நான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அப்பாவுக்குப் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அதைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அவள் காலில் விழுந்திருப்பேன். கேட்காததால் அப்பா சொன்ன அந்த 'பரவால்ல'வை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனதாரச் சொன்னாரா, எரிச்சலில் சொன்னாரா? குரலில் எரிச்சல் இருந்த மாதிரி ஒரு நாள் தோன்றும், இல்லாத மாதிரி ஒரு நாள் தோன்றும். காக்கா வந்து அது எரிச்சல்தான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று ஆபீசில் பேசுவேன். அமாவாசை வந்தால் மாடியில் நின்று காக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலந்தில் நான் தலைக்குக் குளித்துவிட்டுச் சமைத்தேன். வாழைக்காய் கிடைக்கவில்லை, உருளைக்கிழங்கைப் பொரித்தேன். பருப்புப் போட்டு ஒரு குழம்பு, சோறு, ஊரிலிருந்து வந்த அப்பளம். புளிக் கரைசல் கொஞ்சம் எடுத்து வைத்து அப்பாவின் தட்டை முகம் தெரிகிற மாதிரி தேய்த்தேன். அதில் முதல் சோற்றை வைத்து, பின்கட்டுத் தோட்டத்துச் செங்கல் சுவரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அங்கேயும் காக்காக்கள் உண்டு. நம் ஊர்க் காக்கா மாதிரியே சாம்பல் கழுத்து, உருவம் மட்டும் கொஞ்சம் சிறிது. மூன்று, எதிர்வீட்டுப் புகைபோக்கியில் உட்கார்ந்திருந்தன. கா கா என்று கூப்பிட்டேன். அவை தமிழ் தெரிந்த மாதிரியே திரும்பிப் பார்த்தன.

மற்ற மூவரும் தோட்டத்து மேசையில் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நீங்கள் சாப்பிடுங்கள், நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். ஏன் என்றார் டீச்சர். காக்கா சாப்பிட வேண்டும் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் சொல்லுங்கள் என்றார், பையன்களிடம் கேட்கிற மாதிரி. சொன்னேன். ஜப்பான் மாணவனுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. அவன் வீட்டிலும் செத்தவர்களுக்குத்தான் முதல் சோறாம். ஆனால் யாரும் வந்து எடுக்க வேண்டியதில்லை, வைத்தாலே போதுமாம். கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சாப்பிடாமல் தாங்களும் சாப்பிடுவதில்லை என்று மூன்று பேரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து சுவரோரம் போய் கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவர் கூப்பிட்டது ஆட்டுக்குட்டி சத்தம் மாதிரி இருந்தது, இருந்தாலும் ஒரு காக்கா இறங்கி வந்தது. சுவரில் உட்கார்ந்தது, கழுத்தைச் சாய்த்துத் தட்டைப் பார்த்தது, இரண்டு தத்து தத்தியது. அப்புறம் பறந்துவிட்டது. அப்படியே எங்கள் வீட்டு மாடியில் நடந்த மாதிரி. இன்னொன்றும் வந்து அதையே செய்தது. அப்பா கடல் தாண்டியும் கோபத்தோடுதான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் மெதுவாக, இது வெறும் வழக்கம் இல்லை போலிருக்கிறதே என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இங்கிலீஷ் என்பதால்தான் முடிந்தது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம், மழுப்பவோ சுற்றி வளைக்கவோ அவை போதாது. அப்பா கூப்பிட்டார், நான் போகவில்லை, இங்கே வருவதற்குக் கையெழுத்து வாங்கப் போனேன், அப்பா செத்துப்போனார், இப்போது என் சோற்றை எடுப்பதில்லை. அவ்வளவுதான் சொன்னேன். இது அப்பாவின் தட்டு என்றும் சொன்னேன். டீச்சர் அந்தத் தட்டின் பக்கம் பார்த்தார். முதல் நாள் சண்டை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், அவர் முகம் சிவந்துவிட்டது.

பிறகு என்னைத் தேற்றுவதற்காக அவர் பேச்சை மாற்றினார். ஊரில் இந்த மாதத்தில் என்ன வேலை நடக்கும் என்று கேட்டார். வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். ஆடியில் மல்லாட்டை விதைப்பு. விதைத்த மறுநாள் காக்காக்கள் கூட்டமாக வந்து அலகால் மண்ணைக் கிளறி விதையைத் தோண்டித் தின்றுவிடும். நான் ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு அதற்கு வழி சொல்லிக்கொடுப்பேன். டப்பா மூடி, தகரத் துண்டு, பழைய டேப் நாடா, எது மின்னுகிறதோ அதைக் கயிற்றில் கட்டிக் கொல்லையில் தொங்கவிடுங்கள், வெயிலில் பளபளத்தால் காக்கா கிட்டே வராது என்பேன். ஒரு பெரியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மடக்கியதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன்.

"நீங்க ஆபீசுல குந்திக்கினு சொல்றீங்க சார். காக்கா ஆபீசுக்கா வருது? கொல்லைக்கில்ல வருது."

தமிழிலேயே சொல்லி அப்புறம் இங்கிலீஷிலும் சொன்னேன். டீச்சர் சிரித்தார். ஜப்பான்காரன் படம் எடுத்தான். அந்தப் பெரியவரும் கடைசியில் தகரம் கட்டினார், அப்புறம் ஒரு காக்காகூட வரவில்லை என்று பெருமையாக முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது பின்லாந்துத் தச்சர் பேசினார். ஒன்பது நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார்.

"அந்தத் தட்டும் வெயிலில் மின்னுகிறது."

நாங்கள் மூவரும் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். புளி போட்டுத் தேய்த்த தட்டு நடுப்பகல் வெயிலில் கண் கூச மின்னிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் என் கண்ணிலேயே அடித்தது.

ஆறு வருடமாக வல்லத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் ஊர் ஊராகப் போய், மின்னுவதைக் கட்டுங்கள், காக்கா ஓடிவிடும் என்று சொன்னவன் நான். அந்த நான்தான், அப்பா சாப்பிட்ட தட்டில் வைத்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று, ஒவ்வொரு அமாவாசைக்கும் அதைத் தேய்த்து மெருகேற்றி வெயிலில் கொண்டுபோய் வைத்தவனும். தம்பிக்கு இந்த அக்கறையெல்லாம் கிடையாது. கைக்கு வந்த இலையைக் கிழித்து வைத்தான், காக்கா தின்றது. அம்மா கவிழ்த்துக் கொட்டிய சோறும் போனது. எல்லாம் கண் முன்னால்தான் நடந்தது.

நான் எழுந்து போய்ச் சோற்றைச் சுவரில் கவிழ்த்துவிட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். புகைபோக்கியிலிருந்து ஒரு காக்கா இறங்கியது. சுவரில் தத்தியது. ஒரு வாய் எடுத்தது, இன்னொரு வாய் எடுத்தது. பின்னாலேயே மற்ற இரண்டும் வந்து சண்டை போட்டுக்கொண்டு தின்றன. டீச்சர் என் முதுகில் கை வைத்த பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அப்பா மன்னித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி பொய் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். மறுபடியும் எனக்கு மிச்சமிருந்தது அந்த 'பரவால்ல' மட்டும். ஆனால் இந்த முறை அதில் எரிச்சல் கேட்கவில்லை.

ஆறிப்போன சோற்றையும் குழம்பையும் நான்கு பேரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். தச்சர் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டதும் நான் அப்பாவின் தட்டைக் கொண்டுபோய் மற்றவர்கள் தட்டுகளோடு தொட்டியில் போட்டேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வந்து, தட்டைத் தனியாக எடுத்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, விளிம்பில் இருந்த புள்ளி எழுத்துகளை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். மறுநாள் காலையில் அவர் ரயில் ஏறினார், தச்சர் சைக்கிள் ஏறினார். அதற்கப்புறம் அவர்களை நான் பார்த்ததில்லை. ஜப்பான் மாணவன் மட்டும் பிறகு ஒரு படம் அனுப்பினான். அதில் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் சுவரில் வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதுதான் தட்டு.

புரட்டாசியில் ஊர் திரும்பினேன். சென்னையிலிருந்து வந்த பஸ் திண்டிவனத்தில் என்னை இறக்கிவிட்டபோது காலை பதினோரு மணி. வீட்டுக்குப் போனதும் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தம்பி கொல்லைக்குப் போயிருந்தான். பெட்டியைத் திறந்து, அப்பாவின் தட்டை எடுத்து, அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். காக்கா வராததற்குத் தட்டுதான் காரணம், அப்பாவுக்குக் கோபம் இல்லை என்றேன். சொல்லும்போதே அம்மா சந்தோஷப்படுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிதட்டை எடுத்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"தட்டக் கவுத்துட்டா வந்து திங்குதுன்னு எனக்கும் தெரியும். ஆனியில மாடிப்படியில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா தட்டை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்குக் கோவம் ஏதுடா. பஸ்சுல கூட, பையன் பிளேன்ல போப்போறான்னு பக்கத்துல இருந்தவங்கிட்ட பேசிக்கினுதான் வந்தாரு. சீட்டு கெடைக்கல. நெஞ்ச ஒரு கையில புடிச்சிக்கினு, என் தோள ஒரு கையில புடிச்சிக்கினு, புதுச்சேரி வரைக்கும் நின்னுக்கினே வந்தாரு. நீ இருந்தா ஒரு சீட்டு புடிச்சிக் குடுத்திருப்ப. கோவம் எனக்குதான் இருந்திச்சி. பெத்த புள்ளகிட்ட அத எப்பிடி சொல்றது? காக்கா திங்கலன்னதும் அவர் தலையில போட்டுட்டேன்."

இப்போதும் அந்தக் கோபம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அம்மா எழுந்து, அப்பாவின் தட்டைத் தண்ணீர் விட்டு அலசி, என் முன்னால் வைத்து, அதில் சுடச்சுடச் சோறு போட்டாள். அப்பா போன பிறகு அந்தத் தட்டில் அவள் பரிமாறியது அதுதான் முதல் தடவை.

"இன்னும் கொஞ்சம் இருக்குது," என்றாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "போயிடும். நீ சாப்புடு."